கட்டியவர்கள் கையில் பட்டா இல்லை

ஒரு தோட்டத்தில் பெரிய கட்டடம் எது என்று கேட்டால், மேட்டில் இருந்த துரை பங்களா என்பார் ஒருவர். இல்லை, ரப்பர் ஆலைதான் என்பார் இன்னொருவர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், மண்டபம் என்று வரிசையாகச் சொல்வார்கள். அளவில் சின்னவை. பலகைச் சுவர், தகரக் கூரை. ஆனாலும் ஒரு சமுதாயம் சமுதாயமாகக் கூடியது அந்தத் தகரக் கூரைகளுக்குக் கீழேதான்.

இன்று நெகிரி செம்பிலானில் அவற்றைத் தேடிப் போனால் பெரும்பாலும் செம்பனை மரங்களோ வீடமைப்புப் பகுதிகளோதான் கண்ணில் படுகின்றன. காலம் மாறினால் கட்டடமும் போகத்தான் செய்யும், அதற்கு வருந்தி என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் எல்லாக் கட்டடங்களும் போய்விடவில்லை. சில நின்றன. எது நின்றது, எது போனது, ஏன் என்று பார்த்தால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். கட்டடம் இருந்த நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே அது.

காபியில் தொடங்கிய கதை

நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாறு ரப்பருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையில் காபிச் செடிகளை இலை நோய் தாக்கியது. அங்கே பயிரிட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களில் சிலர் புது நிலம் தேடி மலாயாவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹெஸ்லோப் ஹில். அப்போது சுங்கை ஊஜோங் என்று அழைக்கப்பட்ட சிரம்பான் வட்டாரத்தில் அவர் காபித் தோட்டம் போட்டார். ரந்தாவுக்கு அருகிலுள்ள லின்சம் அந்தக் காலத்திலிருந்தே கேட்டுவரும் பெயர்.

1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. காபி விலை சரிந்தது. மேல்நாடுகளில் மோட்டார் வண்டி பெருகியது. அதற்கு டயர் வேண்டும், டயருக்கு ரப்பர் வேண்டும். சில ஆண்டுகளில் காபி இருந்த இடத்தையெல்லாம் பால்மரம் பிடித்துக்கொண்டது. காடுகள் அழிக்கப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். முதலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். பிறகு கங்காணி அழைத்துவர வந்தார்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்றைச் சட்டம் போட்டே ஏற்படுத்தி, ஆட்களைக் கொண்டுவரும் செலவை முதலாளிகள் பங்குபோட்டுக்கொண்டார்கள். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை இந்த வரவு நீடித்தது.

தோட்டங்களின் பெயர்களைக் கவனித்தாலே ஒன்று புரியும். பஹாவ் பக்கம் கெடிஸ், மிடில்டன், செயின்ட் ஹெலியர். லாபு பக்கம் கெர்பி. சிரம்பான் வட்டாரத்தில் கைரோ, ஷாங்காய். எங்கோ இருந்த துரைமார்களின் பெயர்கள், யாரும் போய்ப் பார்க்காத ஊர்களின் பெயர்கள். அங்கே வாழ்ந்தவர்கள் வைத்த பெயர் எதுவும் நிலப் பதிவேட்டில் ஏறவில்லை. பெயரே ஏறாதபோது பட்டா எப்படி ஏறும்?

பெரட்டுக்களமும் புகைக்கூடமும்

தோட்டத்தில் ஒரு நாள் என்பது கட்டடம் கட்டமாக நகர்வது. விடியுமுன் பெரட்டுக்களம். ஆபீஸ் முன்னால் உள்ள திடலில் ஆண்களும் பெண்களும் வரிசை பிடித்து நிற்பார்கள். கிராணி பெயர் கூப்பிடுவார். தண்டல் நிரை பிரித்துக் கொடுப்பார். பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில்பாதைக்கு ஆள் பிடித்தபோது, பல தோட்டங்களில் தொழிலாளர்களைத் திரட்டிய இடமும் இதே களந்தான். 1943இல் அந்தப் பாதை முடிந்தபோது திரும்பி வராதவர்கள் பல்லாயிரம் பேர். பழைய தோட்டக் குடும்பங்களில் ஒரு பாட்டனாரோ சிறிய பாட்டனாரோ சயாமுக்குப் போனவராக இருப்பார்.

காலையில் வெட்டிய பால் வாளிகளில் ஸ்டோருக்கு வந்து சேரும். நிறுத்துப் பார்ப்பார்கள். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கருவியை விட்டுச் சோதிப்பார்கள். பிறகு தொட்டியில் ஊற்றி, அமிலம் கலந்து உறைய வைத்து, உருளை எந்திரத்தில் கொடுத்துத் தகடாக்குவார்கள். அந்தத் தகடுகள் புகைக்கூடத்தில் மூங்கில் கொம்புகளில் தொங்கும். கீழே விறகு புகையும். நாலைந்து நாளில் பழுப்பு நிறத்தில் பதமாகி வெளியே வரும். உயரமான பலகைச் சுவரும் கூரையில் புகைபோக்கியுமாக, தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு புகைக்கூடம் இருந்தது. உள்ளே இருந்தவர்களின் கண்ணும் நெஞ்சும் எரிந்தது தனிக் கதை.

1965இல் மலேசியா தர நிர்ணயம் செய்த கட்டி ரப்பரை அறிமுகப்படுத்தியது. பல தோட்டங்களின் பாலையும் ஒட்டுப்பாலையும் ஒரே பெரிய ஆலைக்குக் கொண்டுபோய்ச் செய்யும் முறை பரவியது. இன்னொரு பக்கம் செம்பனை வந்தது. செம்பனைக் குலைக்குப் புகைக்கூடம் எதற்கு? ஒன்றன்பின் ஒன்றாக அவை மூடப்பட்டன. தொழில் மாறியதால் போன கட்டடங்கள் இவை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆயாக் கொட்டகையும் பள்ளியும் மண்டபமும் போனதற்கு இந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. அவை மனிதர்களுக்காக இருந்தவை.

சட்டம் கொடுத்தவை, மக்கள் கட்டியவை

தோட்டத்துப் பொதுக் கட்டடங்கள் இரண்டு வகை. சட்டம் வற்புறுத்தியதால் நிர்வாகம் கட்டியவை ஒரு வகை. மக்கள் தாங்களே கட்டிக்கொண்டவை இன்னொரு வகை.

நெகிரி செம்பிலான் ஐக்கிய மலாய் மாநிலங்களில் ஒன்று. அங்கே 1923இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. சட்டத்துக்காகத் திறந்த பள்ளிகள் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை. சில தோட்டங்களில் கிராணியே வாத்தியார், சில இடங்களில் கங்காணி. ஆனால் அந்தக் கொட்டகையைப் பள்ளிக்கூடமாக்கியவர்கள் பெற்றோர்களும் ஆசிரியர்களும்தான். மேசை நாற்காலி வாங்கியது, கூரை மாற்றியது, விளையாட்டுப் போட்டி நடத்தியது எல்லாம் அவர்கள் கைக்காசிலும் உழைப்பிலும்.

ஆயாக் கொட்டகையும் அப்படியே. தாய் பெரட்டுக்குப் போகுமுன் கைக்குழந்தையைத் தூக்கத்தோடு கொண்டுவந்து விடுவாள். சேலைத் தூளிகள் வரிசையாகத் தொங்கும். வயதான ஓர் அம்மா எல்லாவற்றையும் ஆட்டிவிட்டுக்கொண்டிருப்பார். தோட்ட வீடுகளுக்கும் குழந்தைப் பராமரிப்பு இடத்துக்கும் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம் 1990இலும் புதுப்பிக்கப்பட்டது. கட்டடம் நிர்வாகத்துடையது. ஆனால் அந்தத் தூளிகளில் கிடந்த பிள்ளைகளுக்கு, சாதி பார்த்துப் பிரித்த லயங்களைத் தாண்டி எல்லாரும் ஒன்றாகக் கிடந்த முதல் இடம் அதுதான்.

கோயிலும் மண்டபமும் முழுக்க முழுக்க மக்கள் கட்டியவை. சம்பள நாளன்று ஆபீசுக்குப் பக்கத்திலேயே கோயில் கமிட்டி மேசை போட்டு உட்காரும். வெள்ளி கணக்கில் வரி. கொடுத்தவர் பெயர் நோட்டில் ஏறும். நிர்வாகம் பலகையோ சிமெண்டோ கொடுத்தால் உண்டு. ஆள்வேலை தொழிலாளர்களுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் கல் சுமந்து, மண் அடித்து எழுப்பிய சுவர்கள் அவை.

மண்டபத்தில் என்ன நடந்தது?

என்னதான் நடக்கவில்லை என்று கேட்பது எளிது. கல்யாணம், காதுகுத்து, நாடக ஒத்திகை, கேரம் போர்டு, பஜனை, பஞ்சாயத்து எல்லாம் அங்கேதான். தகவல் இலாகா வண்டி வந்தால் வெளியே வெள்ளைத் துணி கட்டிப் படம். மழை வந்தால் உள்ளே.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மண்டபம் ஒரு வாசகசாலை. 1924இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனும், 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் தோட்டத்துக்கு ஒன்றிரண்டு பிரதிதான் வரும். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். இருபது முப்பது பேர் கேட்பார்கள். 1952இல் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்தபோது, அது பட்டணத்து மேடைகளோடு நின்றுவிடாமல் தோட்டத்து மண்டபங்களுக்கும் வந்தது. தமிழ் முரசின் மாணவர் மணிமன்றத்திலிருந்து பிறந்த மணிமன்றங்கள் தோட்டத்து இளைஞர்களைப் பேச்சாளர்களாக்கின. இன்று மேடையில் முழங்கும் பலருக்கு முதல் மைக் தோட்டத்து மண்டபத்தில் கிடைத்ததுதான்.

அரசியலும் அங்கேதான் வந்தது. 1943க்குப் பிறகு இந்திய சுதந்திர லீக்கின் கூட்டங்கள் தோட்டங்களிலும் நடந்தன. கழுத்துத் தாலியைக் கழற்றிக் கொடுத்த பெண்கள் தோட்டத்துப் பெண்களும்தான். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைகிறது என்ற செய்தி வந்தபோது நேதாஜி சிரம்பானில்தான் இருந்தார். போர் முடிந்ததும் தொழிற்சங்கம் வந்தது. நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர்களைத் திரட்டுவதில் தொடங்கியவர் பி.பி. நாராயணன். 1954இல் பல மாநிலச் சங்கங்கள் ஒன்றாகித் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் தலைமைக்கு வந்தவர் அவர். 1962இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. பின்னாளில் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகச் சம்மேளனத்தின் தலைவராகவும் உயர்ந்தார். தகரக் கூரைக்குக் கீழே தொடங்கிய பேச்சு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

அவசரகாலம் 1948இல் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாக்கி முள்வேலி போட்டார்கள். கூட்டம் கூட அனுமதி தேவைப்பட்டது. அப்போதும் கோயில் திருவிழாவும் கல்யாணமும் நின்றுவிடவில்லை. மண்டபம் மூச்சுவிட இடம் கொடுத்தது.

அமெரிக்க விவசாயிகள் கட்டியது

இந்த இடத்தில் வெளிநாட்டு உதாரணம் ஒன்றைப் பார்ப்பது உதவும். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்த பின், 1867இல், ஆலிவர் கெல்லி என்பவரும் அவருடைய நண்பர்களும் விவசாயிகளுக்காகச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு கிரேஞ்ச் என்று பெயர். அந்தக் காலத்திலேயே பெண்களுக்கும் சமமான ஓட்டுரிமை கொடுத்த சங்கம் அது. ஊருக்கு ஊர் விவசாயிகள் பணம் போட்டு, பலகையால் ஒரு மண்டபம் கட்டிக்கொண்டார்கள். கூட்டம் நடக்கும், மேடையில் நாடகம் நடக்கும், சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவார்கள். விதையும் கருவியும் மொத்தமாக வாங்குவது பற்றி அங்கேயே முடிவெடுப்பார்கள். தானியம் ஏற்றிச் செல்ல ரயில்வே கம்பெனிகள் கேட்ட அநியாயக் கட்டணத்தை எதிர்த்து அவர்கள் எழுப்பிய குரல், மாநிலச் சட்டங்களாகவே வந்தது. 1877இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அத்தகைய கட்டுப்பாட்டை ஏற்றது.

நம் தோட்டத்து மண்டபமும் அதேதான் செய்தது. அங்கே ரயில் கட்டணம் பேசினார்கள், இங்கே கூலி பேசினார்கள். வேலை ஒன்று, தகரமும் பலகையும் ஒன்று. ஆனால் ஒரு பெரிய வேற்றுமை இருந்தது. அமெரிக்க விவசாயி தன் ஊரில் வாங்கிய நிலத்தில் தன் சங்கத்தின் பெயரில் கட்டினான். நூறாண்டு தாண்டிய பல கிரேஞ்ச் மண்டபங்கள் இன்று அந்நாட்டின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் உள்ளன. தோட்டத் தொழிலாளியோ கம்பெனி நிலத்தில் கட்டினான். 1965இல் வந்த தேசிய நிலச் சட்டப்படி, மண்ணோடு பிணைந்தது எதுவோ அதுவும் நிலத்தில் சேர்த்திதான். நிலம் யாருடையதோ, அதன்மேல் நிலையாக எழுப்பிய சுவரும் அவருடையது. வரி நோட்டில் எத்தனை பெயர் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அந்த நோட்டுக்கு மதிப்பில்லை.

துண்டாடலும் நகரமும்

சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை உங்கு அஸிஸ் தனியாகவே ஆராய்ந்து நூலாக்கினார். நூறு ஏக்கர், ஐம்பது ஏக்கர் என்று போன நிலத்தில் யார் பள்ளியை நடத்துவது, யார் ஆயாவுக்குச் சம்பளம் கொடுப்பது? லயங்கள் காலியாகின. மண்டபம் உரக் கிடங்கானது, பிறகு அதுவும் இல்லாமல் போனது.

இரண்டாவது அலை 1980களுக்குப் பின் வந்தது. நீலாய், செண்டாயான், லாபு, போர்ட்டிக்சன் பக்கங்களில் புதிய நகரங்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. பக்கத்து சிப்பாங்கில் 1998இல் விமான நிலையம் திறந்ததும் நிலத்தின் விலை ஏறியது. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் சேர்த்துத் திட்டமிடப்பட்ட மலேசிய விஷன் வேலியும் தோட்ட நிலங்களின் மேல்தான் விரிகிறது. வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு இழப்பீடு பேசினார்கள், வேலைக்கு இழப்பீடு பேசினார்கள். பல இடங்களில் மண்டபத்துக்கும் ஆயாக் கொட்டகைக்கும் இழப்பீடு என்ற பேச்சே எழவில்லை.

பள்ளிகளின் கதை சற்று வேறு. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530ஐ ஒட்டி இருக்கின்றன. நெகிரி செம்பிலானில் சுமார் 60. மண்டபத்தைப் போல் இவை அடியோடு அழிந்துவிடவில்லை. காரணம், பள்ளிக்கு அரசாங்கப் பதிவு உண்டு. தோட்டம் காலியானாலும் அந்த உரிமத்தை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் பெயர முடியும். அப்படித்தான் தோட்டமே இல்லாத இடங்களிலும் பெயரில் மட்டும் தோட்டத்தைச் சுமந்துகொண்டு பள்ளிகள் நிற்கின்றன. ஆனால் நிலம் தனியாருடையதாக இருந்த பள்ளிகள் நெடுங்காலம் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே கிடந்தன. புதுக் கட்டடம் கேட்டால், நிலம் யார் பெயரில் என்ற கேள்வி வந்து நின்றது. தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் வியர்த்துப் படித்ததற்கு அடியில் இருந்ததும் பட்டாப் பிரச்சினைதான்.

பத்து வெள்ளியில் ஒரு விடை

இந்தப் பாடத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் துன் வீ.தி. சம்பந்தன். துண்டாடலில் தொழிலாளி தெருவுக்கு வருவதைப் பார்த்து 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளி பங்கு. மாதம் 10 வெள்ளி கட்டினால் போதும். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிப் பேசினார். முதலில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூலிக்காரர்கள் சேர்ந்து ஒரு தோட்டத்துக்கு முதலாளியானார்கள்.

அதே சங்கத்தின் பெயரில் கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் நிற்கிறது. அதிலுள்ள சோமா அரங்கத்தில் நூல் வெளியீடும் கருத்தரங்கும் நாட்டியமும் நடக்கின்றன. பெட்டாலிங் ஜெயாவில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தோட்ட மாளிகை நிற்கிறது. தோட்டத்து மண்டபத்தின் வாரிசுகள் இவை. இவை நிற்பதற்குக் காரணம் சிமெண்டின் உறுதி மட்டுமா? பத்திரத்தில் உள்ள பெயர் தொழிலாளர்களுடைய சங்கத்தின் பெயர்.

கூட்டாக இறங்கிய எல்லா முயற்சியும் வென்றுவிட்டதாகச் சொல்ல முடியாது. பஹாவுக்கு அருகே தொழிற்சங்கத்தின் காட்கோ நிறுவனம் தொடங்கிய குடியேற்றத் திட்டத்தை நம்பி, தோட்டங்களை விட்டுக் குடும்பங்கள் போய்க் குடியேறின. நிலம் நமக்கே என்று பாடுபட்டன. பல பத்தாண்டுகள் கழித்தும் அந்த நிலம் யாருடையது என்ற வழக்கும் போராட்டமும் ஓயாமல் செய்திகளில் அடிபட்டன. சொந்தச் சங்கம் நடத்தும் திட்டமே ஆனாலும், ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும் பத்திரத்தில் ஏறும் வரை கண்ணை மூடக்கூடாது என்பது கம்போங் காட்கோ சொல்லும் பாடம்.

இனி என்ன?

மிச்சம் இருப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலாவது மூன்று காரியங்களைச் செய்யலாம்.

ஒன்று, இன்னும் தோட்ட நிலத்தில் நிற்கும் கோயில், பள்ளி, மண்டபம் எதுவானாலும் அதன் கமிட்டி முதலில் நில அலுவலகத்துக்குப் போய் அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கும்பாபிஷேகத்துக்குச் சேர்க்கும் நிதியில் ஒரு பங்கைப் பட்டாவுக்கு ஒதுக்கினால், கோபுரத்துக்குப் பிறகு ஆபத்து வராது. தோட்டம் கைமாறும் செய்தி வந்த பிறகு ஓடுவதில் பலன் குறைவு.

இரண்டு, போய்விட்ட கட்டடங்களின் வரி நோட்டுகள், ரசீதுகள், திருவிழா அழைப்பிதழ்கள், பள்ளிக் குழுப் படங்கள் பல வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. கரையான் அரிப்பதற்குள் அவற்றை ஒழுங்குபடுத்திப் படமெடுத்து வைக்க வேண்டும். யார் கட்டினார்கள் என்பதற்கு அவை தவிர வேறு சாட்சியம் இல்லை. மூன்று, 2005இல் வந்த தேசிய மரபுடைமைச் சட்டம் பழைய கட்டடங்களைப் பதிந்து காக்க வழி செய்கிறது. பிரிட்டிஷ் அதிகாரியின் பங்களா மரபுடைமை என்றால், ஒரு நூற்றாண்டு நாட்டின் வருமானத்தைச் சுமந்தவர்கள் கூடிய மண்டபமும் மரபுடைமைதான் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்காதவர்களுக்கு யாரும் தானாகக் கொண்டுவந்து கொடுப்பதில்லை.

தோட்டத்து மக்கள் கட்டத் தெரியாதவர்கள் இல்லை. காட்டை அழித்தார்கள், சாலை போட்டார்கள், கோயில் எழுப்பினார்கள், பள்ளி நடத்தினார்கள், தொழிற்சங்கம் வளர்த்தார்கள். கட்டியதைத் தங்கள் பெயரில் எழுதிக்கொள்ளும் வாய்ப்பு மட்டும் அவர்களுக்கு அமையவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் இன்று வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், நில அளவையாளர்கள் இருக்கிறார்கள், பொறியாளர்கள் இருக்கிறார்கள். நிற்கும் கடைசிச் சில சுவர்களுக்காவது அந்தப் பத்திரத்தை எழுதி வாங்கிக் கொடுப்பது அவர்கள் கையில் இருக்கிறது.